பத்மநாதன் குந்தியிருந்த வெள்ளிக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு பேஸ்பால் பிடிக்காது. காயல்பட்டினத்தில் பிறந்தவனுக்குப் பந்து என்றால் காலால் உதைக்கிற பந்துதான். ஒருவன் எறிய, ஒருவன் அடிக்க, மீதிப் பேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிற எந்த விளையாட்டும் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நான் பிழைக்க வந்த அரபு நாட்டில், அல் கோபாரில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடிந்தும் விடியாமலும் காரை எடுத்துக்கொண்டு ஒரு பேஸ்பால் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்தேன் என்றால், அதற்கு ஒரே காரணம் பத்மநாதன். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் ரிவர்ஸில் கோட்டை விட்டுவிடுவார். கேட்டால், "பின்னாலை பாக்கிறது எனக்குச் சரிவராது நானா" என்று சொல்லிச் சிரிப்பார்.

இலங்கை, சாவகச்சேரிக்காரர். கோபாரில் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நான் பெட்டிக் கடைக்காரன், அதாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு சூட்கேஸும் கம்பளியும் விற்கிறவன். முதல் லீவுக்கு ஒரு பெட்டி வாங்க வந்தவர், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போய், மறுநாள் திரும்பி வந்து அதையே வாங்கினார். அப்படித்தான் பழக்கம். என்னை "நானா" என்று கூப்பிடுவார்; இலங்கையில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "எங்க ஊர்ல மூத்தவங்கள காக்கான்னுதான் சொல்லுவாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க" என்றேன் ஒருநாள். "ஐயோ, ஒரு மனுசனைப் போய் எப்பிடிக் காகம் எண்டு கூப்பிடுறது?" என்று நெளிந்தார். நானாவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

பேஸ்பாலுக்கு அவர் வந்த கதை விளையாட்டுத் திறமையால் வந்த கதை இல்லை. கம்பெனி பஸ் வராமல் போன ஒரு நாள் கேம்ப் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். பிலிப்பினோக்கள் கல் மேலும் பை மேலும் உட்கார்ந்தார்கள். பத்மநாதன் சுவர் நிழலில், இரண்டு குதிகாலும் தரையில் பதியக் குந்தினார். ஒரு கையில் டீ, மறுகையில் குபூஸ் ரொட்டி. பஸ் வந்தபோதுதான் எழுந்தார். அதற்குள் மற்றவர்கள் பத்து தடவை இடம் மாறியிருந்தார்கள். எதிரே இருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தான் ரோமெல். அவன் எலெக்ட்ரிகல் ஃபோர்மன், பிலிப்பினோக்களின் பேஸ்பால் டீமுக்கு கேப்டன்.

"நேத்தன் பாய், கால் வலிக்கவில்லையா?" என்று சைட்டில் எல்லாரும் பேசுகிற அரைகுறை ஹிந்தியில் கேட்டான். பத்மநாதன் என்ற பேரில் கடைசித் துண்டைத்தான் அவர்களால் வாயில் போட முடிந்தது.

"வலிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் இவர்.

"அச்சா. வெள்ளிக்கிழமை ஃப்ரீயா?"

விஷயம் இதுதான். பேஸ்பாலில் கேட்சர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அடிக்கிறவனுக்குப் பின்னால், தரையில் பதித்த ஒரு வெள்ளைப் பலகைக்கு இந்தப் பக்கம், ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து வருகிற பந்தையெல்லாம் வாங்க வேண்டும். அந்தப் பலகைக்குப் பேர் பிளேட். சோறு போடுகிற பிளேட் இல்லை. நெஞ்சுக்குக் கவசம், முழங்காலுக்குக் கவசம், முகத்துக்குக் கம்பிக் கூண்டு. கோபார் வெயிலில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு குந்த எந்தப் பிலிப்பினோவும் தயாராக இல்லை. எல்லாருக்கும் எறியவேண்டும், அடிக்கவேண்டும். இருந்த ஒரே கேட்சரும் வேலையை முடித்துக்கொண்டு, ஃபைனல் எக்ஸிட் அடித்து மணிலாவுக்குப் போய்விட்டான். இவரோ பள்ளிக்கூடக் காலத்தில் கிரிக்கெட் விக்கெட் கீப்பராக இருந்தவர். குந்தவும் தெரியும், பிடிக்கவும் தெரியும். ரோமெலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

முதல் ஆட்டத்திலேயே மானம் போயிற்று. எதிர் டீம்காரன் வீசிய மட்டையில் லேசாக உரசிப் பந்து இவர் கைக்கு வந்ததும், துள்ளி எழுந்து திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, நடுவருக்கு நேராக "ஹவ்ஸாட்!" என்று ஒரு கத்துக் கத்தினார். அன்றைக்கு நடுவர் ஓர் அமெரிக்க இன்ஜினியர். அந்த மனுஷன் பயந்துபோய் ரெண்டு எட்டுப் பின்னால் போனான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது, நானும்தான். பிறகு அந்தப் பழக்கத்தை ரோமெல் அதட்டியே மாற்றினான்.

பெரிய ஆட்டக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். மட்டை பிடித்தால் காற்றைத்தான் அடிப்பார். ஓடுவதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஆனால் பந்தை விடமாட்டார். எறிகிறவனுக்கு விரலால் சைகை காட்டுவார், அவன் தலையாட்டுவான், பந்து சொன்ன இடத்துக்கு வரும். எத்தனை கேப்டன் மாறினார்கள், எத்தனை பேர் ஃபைனல் எக்ஸிட்டில் போனார்கள், புதிதாக வந்தார்கள். பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் இந்த ஒரு இலங்கைத் தமிழர்தான்.

மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் பின்னால் கிடந்த பொட்டல். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டுவிட்டு நிமிர்வதற்குள் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். விடிகாலையில் ஆரம்பிக்க வேண்டும், ஜும்ஆ பாங்குக்கு முன்னால் முடிக்க வேண்டும். பாங்கு கேட்டால் அந்த நிமிஷத்தில் ஆட்டம் கலாஸ், யார் முன்னால் இருக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தது. நான் அப்படியே பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவேன். வரும்போது பத்மநாதன் கார் நிழலில் கவசத்தைக் கழற்றிப்போட்டு, பிலிப்பினோக்கள் கொண்டுவந்த நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.

வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகக் கோணிப்போயின. ஏர்போர்ட்டில் கைரேகைக் கண்ணாடியில் விரலை நேராக வை என்று அதிகாரி சொல்லுவான். வைக்க முடியாது. "யல்லா, யல்லா" என்று அவன் எழுந்து வந்து தன் கையால் அமுக்கிப் பார்ப்பான். அதற்கும் விரல் படியாது. பின்னால் வரிசை முழுக்க முறைக்கும். இவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்காமல் இருப்பேனா? ஒருநாள் கார் ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"சொன்னா சிரிக்கக் கூடாது நானா," என்றார். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, புல்லு வளந்த உண்மையான கிரவுண்டிலை, உண்மையான மேட்ச் ஒண்டிலை பிளேட்டுக்குப் பின்னாலை குந்தவேணும். சிவரூபி அதைப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

சிவரூபி அவர் மனைவி. சாவகச்சேரியில் அரசாங்க உத்தியோகம். அதை விட்டுவிட்டு இங்கே வந்து நாலு சுவருக்குள் இருக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சரியான முடிவுதான். ஒரே மகளையும் தனியாகவே வளர்த்து, கட்டிக்கொடுத்து, லண்டனுக்கு அனுப்பினார். இவர் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவில் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். தம்பதி என்று பேர். சேர்ந்து இருந்த நாளை விட போனில் பேசிய நாள் அதிகம். அதிலும் வெள்ளிக்கிழமைக் காலையில் போன் அடித்தால் இவர் எடுக்கமாட்டார். அந்தக் கோபம் அந்த அம்மாவுக்கு நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் இருந்தது. பேஸ்பால் என்ற பேரை வாயால் சொல்லமாட்டார். "அந்தக் குந்து விளையாட்டு" என்றுதான் சொல்லுவார்.

ஐம்பது வயதைத் தாண்டினார் பத்மநாதன். குந்தினால் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்ற வேண்டிவந்தது. ஆசை நிறைவேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் துபாயில் பணம் போட்டு ஒரு பேஸ்பால் போட்டி தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஆடி ஓய்ந்தவர்கள், ஜப்பான்காரர்கள், லத்தீன் நாட்டுக்காரர்கள் என்று நாலு டீம். ரோமெலின் மச்சான் ஒருவன் அதில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தான். அவன் மூலமாக ஒரு சேதி வந்தது. எறிகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் கையைச் சூடேற்றிக்கொள்ள மைதானத்தின் ஓரத்தில் வேலி போட்ட ஓர் இடம் உண்டு. அங்கே குந்தியிருந்து அவர்கள் எறிவதை வாங்கிப் போட ஆள் வேண்டும். மூன்று வாரம். டீம் சட்டை தருவார்கள், ஆனால் ஆட்டத்தில் இடம் கிடையாது.

"வேலிக்கு வெளிய நிக்கிறதுக்கா துபாய் வரைக்கும் போவீங்க?" என்று கேட்டேன்.

"வேலிக்கு உள்ளைதான் நானா," என்றார் பத்மநாதன். "கிரவுண்டின்ரை வேலிக்கு உள்ளை."

சிக்கல் லீவில் வந்தது. அந்த வருஷம் ஊருக்குப் போகிற வருஷம். கம்பெனியில் இரண்டு லீவு தரமாட்டார்கள். துபாய்க்குப் போனால் ஊர் இல்லை. ஊருக்குப் போனால் துபாய் இல்லை. என் காரில் வைத்துத்தான் சிவரூபிக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வாற மனுசன்," என்றது அந்தக் குரல். "அந்த ஒரு மாசத்தையும் அந்தக் குந்து விளையாட்டுக்குக் குடுக்கப்போறியளோ?"

 போன் கட்டாகிவிட்டது. கோர்னிஷ் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். கடலைப் பார்த்துக்கொண்டே, "மறுத்துச் சொல்லிப்போடுவம்," என்றார்.  சேதி அனுப்பியவனுக்கு அன்றைக்கே மறுத்துச் சொல்ல வேண்டாம், நாலு நாள் பொறுங்கள் என்று நான்தான் தடுத்தேன்.

நாலாவது நாள் அந்த அம்மாவே கூப்பிட்டார். "அக்கா சார்ஜாவிலை இருக்கிறாதானே? விசிட்டிலை நான் வாறன். அப்பிடி என்னத்தைத்தான் கண்டியள் எண்டு நானும் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்."

நானும் கிளம்பினேன். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, காரிலேயே பத்தா எல்லை வழியாக. எனக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். பத்மநாதனுக்கு லைசென்ஸ் இல்லையே என்றேன்.

துபாய்க்கு வெளியே அந்த மைதானத்தைப் பார்த்தபோது, பிடிக்காத எனக்கே வாய் பிளந்துவிட்டது. பாலைவனத்துக்கு நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு வட்டம். பத்மநாதன் குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். காவலாளி, இவர் ஏதோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினான்.

சிவரூபியை அன்றைக்குத்தான் நான் முதலில் நேரில் பார்த்தேன். பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு டீ பிளாஸ்க். ஆபீஸில் நாலு பேரை மேய்க்கிறவர் என்று நிற்கிற நிலையிலேயே தெரியும். பெண்கள் குடும்பம் குடும்பமாக மேல் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் அங்கே போய் உட்கார்ந்தார். நான் கீழே வேலியோரம்.

முதல் ஆட்டம் முடிந்து வந்தவர் என்னைக் கேட்டார்: "நானா, இவர் எப்ப விளையாடுவார்?"

"இவரு வெளாடமாட்டாரு தங்கச்சி. எறியிறவங்களுக்குப் பந்து பிடிச்சுக் குடுக்கிற வேலை."

"அப்ப நான் கண்டதுதான் எல்லாமோ?"

அவர் கண்டது என்னவென்றால், தூரத்து மூலையில் ஒரு வேலி. வேலி இடுக்கில் ஒரு முதுகு. முதுகுக்கு அந்தப் பக்கம் பந்து வந்து விழுகிற சத்தம். எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் அந்த அம்மா அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார், அதற்கு அடுத்ததற்கும் வந்தார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டே அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் நடக்கிற பக்கம் தலையே திரும்பாது.

பத்மநாதனுக்கு அங்கே நல்ல பேர். எஸ்டெபான் என்று டொமினிக்கன் நாட்டுக்காரன் ஒருவன், ஆறரை அடி ஆள், கடைசியில் வந்து எறிகிறவன், வேறு யார் குந்தினாலும் முகத்தைச் சுளிப்பான். நேத்தன் வேண்டும் என்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. விரல்தான் பேச்சு. ஆனால் ஒரு ராத்திரியும் சார்ஜா வீட்டில் இவர் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை என்று பிறகு தெரிந்தது. இவ்வளவு தூரம் கூட்டிவந்து முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறேனே என்று புலம்பினாராம்.

கடைசி நாள் பிற்பகல் ஆட்டம். அதற்கு முந்தின நாள்தான் டீமின் இரண்டாவது கேட்சருக்கு விரல் முறிந்திருந்தது. பேருக்கு ஒரு கூடுதல் ஆள் எழுத வேண்டும் என்பது விதியாம். மேனேஜர் பத்மநாதன் பேரை எழுதினார். எழுதியவருக்கே அது ஒப்புக்குத்தான். இருக்கிற முதல் கேட்சர் நன்றாகத்தானே ஆடுகிறான்?

மொத்தம் ஒன்பது சுற்றில், எட்டாவது சுற்றில் அவன் வலது முழங்கையில் பந்து பட்டது. கையைத் தூக்க முடியவில்லை. மேனேஜர் மூலை வேலிப் பக்கம் பார்த்தார். எஸ்டெபானும் அங்கேதான் நின்றான். அவன் வேலிக் கதவைத் திறந்து, பத்மநாதன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான்.  பேஸ்பால் பிடிக்காதவன் நான், எழுந்து நின்று "அல்லாவே!" என்று சத்தம் போட்டேன்.

நடந்து வந்தார். ஓடியிருக்கலாம், முழங்கால் இடம் கொடுக்காது. புல்லைத் தாண்டி, செம்மண்ணைத் தாண்டி, பிளேட்டுக்குப் பின்னால் போய், கம்பிக் கூண்டை முகத்தில் இறக்கிக் குந்தினார். திரும்பி மேல் வரிசையைப் பார்த்தேன். சிவரூபி பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று. இவருடைய டீம் ஒரு ரன் முன்னால். எஸ்டெபான் எறிகிறான். முதல் ஆளை வீழ்த்தினார்கள். அடுத்தவன் அடித்து மூன்றாவது முனை வரைக்கும் ஓடிவிட்டான். அங்கிருந்து அவன் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் சமம். இன்னும் இரண்டு பேரை வீழ்த்தினால் வெற்றி.

புதிதாக வந்தவன் மட்டையை வீசினான். பந்து விளிம்பில் பட்டு நேராக மேலே போயிற்று. மேலே, மேலே, பின்பக்கமாக. பத்மநாதன் கூண்டைக் கழற்றி எறிந்தார், அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரும்பி ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. வேலியை ஒட்டி, கிட்டத்தட்ட என் மூக்குக்கு முன்னால், உடம்பை எறிந்து பிடித்தார். தரையில் புரண்டு எழுந்தபோது பந்து கையில் இருந்தது. அவுட்.

எழுந்தவர் மேல் வரிசையைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பந்தை வானத்துக்குத் தூக்கிப் போட்டார்.

கிரிக்கெட் ஆடியவர்களுக்குப் புரியும். பிடித்துவிட்டால் பந்து செத்தது, அதைத் தூக்கிப் போட்டுக் கொண்டாடுவதுதான் வழக்கம். பள்ளிக்கூடப் பையன்கள் முதற்கொண்டு அத்தனை பேரும் செய்வது. பேஸ்பாலில் பந்து சாகாது. பிடித்த பிறகும் ஆட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முனையில் நிற்கிறவன் அதற்குப் பிறகு ஓடலாம். கோபாரில் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இந்தத் தப்பை அவர் செய்ததில்லை. கோபாரில் அவர் நிமிர்ந்து பார்க்க யாரும் இருந்ததில்லை, அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பந்து புல்லில் விழுந்தது. மூன்றாவது முனையில் இருந்தவன் ஓடினான். எஸ்டெபான் கத்தினான். இவர் திடுக்கிட்டுப் பந்தைத் தேடி எடுப்பதற்குள் அவன் பிளேட்டை மிதித்துவிட்டான். சமம். மைதானம் முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

அந்த அமைதியில் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேல் வரிசையில் சிவரூபி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். சாவகச்சேரிக்காரிக்குத் தெரிந்தது கிரிக்கெட். அவர் கணக்கில் புருஷன் அருமையான கேட்ச் பிடித்து ஒருவனை அவுட் ஆக்கியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. போய்க் கையைப் பிடித்து உட்காரவைக்கலாமா என்றுகூட நினைத்தேன். நான் மறுபடி மைதானத்தைப் பார்த்தபிறகும் அந்தத் தட்டல் நிற்கவில்லை.

அடுத்து வந்தவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. இவர்கள் பக்கம் அதைத் திருப்பி அடிக்க ஆள் இல்லை. தோற்றுப்போனார்கள்.

எஸ்டெபான் திட்டவில்லை. போகும்போது இவர் தொப்பியைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டுப் போனான். மேனேஜர் "தேங்க் யூ, நேத்தன்" என்று சொன்னார், அவ்வளவுதான். அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

சாயங்கால மஃரிப் தொழுதுவிட்டு நான் பார்க்கிங்குக்கு வந்தபோது சிவரூபி கார் பக்கத்தில் நின்றார். அவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். கேட்ச் அருமை, ஆட்டம் மட்டும் கொஞ்சம் கைவிட்டுப் போயிற்று என்று மழுப்பிவிடலாம். பத்மநாதனிடமும் கண்ணைக் காட்டிவிட வேண்டும். தெரியாத அம்மாவுக்கு எதற்குத் தெரியவைப்பது?

பத்மநாதன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நடை சரியில்லை. நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

சிவரூபி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினார். "நல்லாப் பிடிச்சியள்," என்றார்.

"இல்லையப்பா," என்றார் பத்மநாதன். டீயை வாங்கவில்லை. "நான் பிழை விட்டிட்டன். பந்தை மேலை எறிஞ்சிருக்கக் கூடாது. என்னாலைதான் தோத்தது. நீர் இவ்வளவு தூரம் வந்து..."

"தெரியும்," என்றார் சிவரூபி.

"எப்பிடித் தெரியும்?"

"பக்கத்திலை ஒரு பிலிப்பைன் பிள்ளை இருந்தவ. நர்ஸ். நான் எழும்பிக் கைதட்டின உடனை சேலையிலை பிடிச்சு இழுத்து, மேடம், மேடம், இது பிழை எண்டு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினவ."

பத்மநாதன் தலையைக் குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதுக்குப் பிறகும் நீர் தட்டிக்கொண்டுதானே நிண்டனீர்?"

"ஓம், நிண்டனான். தெரிஞ்சு கொண்டுதான் தட்டினனான்." அவர் குரலில் அந்தப் பழைய கோபம் கொஞ்சம் இருந்தது. "இவ்வளவு காலமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள் எங்கை போறியள், என்ன செய்யிறியள் எண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்குத்தான் கண்டன். இந்த வயசிலை, இந்தக் காலோடை, ஓடிப்போய் விழுந்து பிடிச்சியள். அவங்கள் தோத்ததுக்காக நான் தட்டினதைத் திருப்பி எடுக்கேலுமோ?"

டீக் கோப்பையை அவர் கையில் வைத்து, அந்தக் கோணல் விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கிவிட்டார். பத்மநாதன் அழுதுகொண்டே குடித்தார்.